இரண்டாவது துளை

பிளம் கிரீக்கில் அக்டோபர் பிறந்துவிட்டால் டெல்மர் ராஸ்க் தோட்டா நிரப்பிக் கொடுக்கும் கொட்டகைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். எல்க் மான் வேட்டை திறக்கப்போகிறது, எந்தக் குண்டு போடலாம் என்று கேட்பார்கள். டெல்மர் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டான்.

"எவ்வளவு தூரத்துல சுடுவே?" என்பான். "விலா தெரிய நின்னாத்தான் சுடுவியா, இல்ல வாலைப் பாத்தாலும் சுட்டுருவியா?"

கடைசிக் கேள்விக்கு எவனாவது அசடு வழிந்தால் போதும். "உனக்கெல்லாம் ஈயம் ஆகாது. செம்பு வாங்கிட்டுப் போ. பின்னாடி நுழைஞ்சாலும் நெஞ்சுக்கூட்டைப் போய்ச் சேரும்" என்று அனுப்பிவிடுவான்.

அவன் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. வீட்டுக்குப் பின்னால் நீளமான ஒரு மரப்பெட்டி வைத்திருந்தான். அதில் பழைய செய்தித்தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கி அடைப்பான். நடுவில் இறைச்சிக் கடையிலிருந்து வாங்கிவந்த மாட்டுத் தொடை எலும்பு ஒன்றைச் செருகுவான். ஒவ்வொரு வகைக் குண்டையும் அந்தப் பெட்டிக்குள் சுட்டுவிட்டு, ஈரத்தாளைக் கையால் கிளறிக்கொண்டே போவான். செம்புத் தோல் போர்த்திய சாதாரண ஈயக் குண்டு எலும்பில் பட்டதும் சிதறும். பாதி எடைதான் மிஞ்சும். தோலும் ஈயமும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு கொஞ்சம் தேவலாம், காளானைப் போல விரிந்து இன்னும் ஒரு சாண் போகும். முழுக்கச் செம்பாலான குண்டு முனையில் மட்டும் பூப்போல இதழ் விரித்து, எடை குறையாமல் பெட்டியின் கடைசிப் பலகையில் போய் முட்டி நிற்கும்.

"உள்ளே போறது பெரிய விஷயமில்ல. வெளிய வரணும். ரெண்டு துளை இருந்தாத்தான் ரத்தம் தரையில விழும். ரத்தம் விழுந்தாத்தான் நீ தேடிப் போய் எடுப்பே" என்பான்.

இந்தப் பிடிவாதம் அவனுக்குச் சும்மா வரவில்லை. இருபது வயதுவாக்கில் ஒரு பெரிய ஆண் எல்க்கின் தோளில் சுட்டான். ஈயக் குண்டு தோள்பட்டை எலும்பிலேயே உடைந்து தங்கிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் கீழே விழவில்லை. இருட்டும்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். பல நாள் கழித்து வேறொரு பள்ளத்தாக்கில் அதே மிருகத்தைப் பார்த்தான். உயிரோடுதான் இருந்தது. தோள் அழுகிப்போய், முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதுகில் உட்கார்ந்து காக்கை இன மேக்பை பறவைகள் இரண்டு புண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன. விரட்டுவதற்குக்கூட அது தலையைத் திருப்பவில்லை. டெல்மர் கிட்டே போய் அதன் கதையை முடித்தான். கெட்டுப்போன அந்த இறைச்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்த அன்றைக்கு இரவு அவனால் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டி, ஈரத்தாள் எல்லாம்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மாவட்டச் சாலைத் துறையில் வேலை. ஒட்டு உறவென்று அவனுக்கு இருந்தது தங்கை லவோன் ஒருத்திதான். ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஆரின் கிட்ஸைக் கட்டிக்கொண்டவள். அவர்களுடைய ஒரே மகள் மார்லா, பில்லிங்ஸ் நகரத்தில் செவிலியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு டெல்மருக்குத் தங்கை வீட்டில்தான். லவோன் அண்ணனைவிட நன்றாகச் சுடுவாள். அது தனக்கும் தெரியும் என்பதால் அவனைச் சீண்டாமல் இருக்கமாட்டாள்.

"செம்பு, செம்புன்னு உயிரை விடுறியே அண்ணே. அது ஊசி போட்ட மாதிரி இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிருது. நீ வேட்டைக்குப் போறியா, தடுப்பூசி போடப் போறியா?"

"உன் ஈயம் மட்டும் என்ன வாழுது? தோள் கறி முழுக்க ரத்தக்கட்டி. பாதியை நாய்க்குப் போடுறே."

"போட்டா என்ன? என் எல்க் நின்ன இடத்துல விழும். உன்னோடது மலை தாண்டிப் போய் விழும். என் புருஷன்தான் முதுகு ஒடியத் தூக்கிட்டு வரணும்."

ஆரின் நடுவில் வாயைத் திறக்கமாட்டான். அவனுக்கு இரண்டு பேரும் வேண்டும். குண்டு விஷயத்தில் மட்டும் மச்சான் பக்கம். டெல்மர் என்ன நிரப்பிக் கொடுக்கிறானோ அதைப் போட்டுச் சுடுவான்.

அந்த வருஷம் புதிய செம்புக் குண்டு ஒன்று கடைக்கு வந்திருந்தது. இத்தனை காலம் அவர்கள் போட்டுவந்தது உடலுக்குள் நான்கு இதழாக விரியும். புதியது ஆறு இதழ். டெல்மர் அதைப் பெட்டியில் சுட்டுப் பார்த்தான். எலும்பை உடைத்து, தாள் முழுவதையும் கடந்து, கடைசிப் பலகையையும் துளைத்துக்கொண்டு பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தது. அதைத் தோண்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி சிரித்தான். தனக்கு மட்டும் அதில் கொஞ்சம் தோட்டா நிரப்பிக்கொண்டான். ஆரினுக்குப் பழையதையே கொடுத்தான். இருவர் துப்பாக்கிக்கும் ஒரே அளவுத் தோட்டாதான்.

நவம்பர் பாதியில் மூன்று பேரும் மலையடிவாரத்துக்குப் போனார்கள். காலையிலிருந்தே மெல்லிய பனித்தூறல். லவோனை ஓடையின் கீழ்முனையில் ஒரு பாறையருகே இறக்கிவிட்டார்கள். மந்தை அந்தப் பக்கம் இறங்கினால் அவள் பார்த்துக்கொள்வாள். ஆண்கள் இருவரும் எதிர்மேட்டில் ஏறிப் படுத்துக்கொண்டார்கள்.

மந்தை மேல்பக்கமாக வந்தது. ஊசியிலைக் காட்டிலிருந்து பெண் எல்க்குகள் ஒவ்வொன்றாக வெளிவந்து புல்வெளியில் நின்றன. இருநூறு கெஜம் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் மலைச்சரிவு சுவர் மாதிரி எழுந்திருந்தது. குண்டு தவறினாலும் மண்ணில்தான் போய்ப் படும் என்று இருவருமே நினைத்தார்கள். மந்தைக்கும் சரிவுக்கும் நடுவில், கீழே லவோனை இறக்கிவிட்ட அந்த ஓடைதான் வில்லோ புதர் அடர்ந்து வளைந்து மேலேறியது. படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது பள்ளம் என்றே தெரியாது. வெறும் புதர் வரிசை.

கீழே காத்திருந்த லவோன், மந்தை மேலே போய்விட்டதை அறிந்து, அதே ஓடை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தாள்.

டெல்மர் முதலில் சுட்டான். எல்க் முதுகை வளைத்துக்கொண்டு நான்கு எட்டு வைத்து நின்று, பிறகு சரிந்தது. அடுத்த மூச்சில் ஆரின் இன்னொன்றைக் குறிவைத்தான். முதல் குண்டு தவறியது. மறுபடி சுட்டான். விழுந்தது. பிறகு ஒரு கத்தல் கேட்டது. தாயைத் தேடும் குட்டி என்றுதான் நினைத்தார்கள். இரண்டாவது தடவை கேட்டதும் ஆரின் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான்.

புதருக்குள் மல்லாந்து கிடந்தாள். ஆரஞ்சுச் சட்டையில் விலாவுக்குக் கீழே கறுப்பாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. இருவரும் மண்டியிட்டதும் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டு பேர்ல எவன்டா குருடன்?" என்றாள்.

"நான்தான் லவோன். நான்தான். நான்தான் சுட்டேன்" என்று ஆரின் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

டெல்மர் தன் மேல்சட்டையைக் கழற்றிக் காயத்தின்மேல் அழுத்தினான். ஆரினின் கடைசி வெடிக்குப் பின்தானே கத்தல் கேட்டது என்றுதான் அவனும் நம்பினான். வண்டியில் கொண்டுபோகும்போது குளிருகிறது என்று இரண்டு முறை சொன்னாள். தார்ச்சாலை வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் துணை ஷெரிஃப் லைல் பிரெக்கி டெல்மரின் கொட்டகைக்கு வந்தான். சிறுவயதிலிருந்து தெரிந்தவன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"உன்கிட்ட கேக்கக்கூடாதுதான் அண்ணே. ஆனா இந்த மாவட்டத்துல இதைப் பத்தி உன்னைவிடத் தெரிஞ்சவன் யாரு? முதுகெலும்புகிட்ட இருந்து எடுத்தாங்க. மான் முடியும் ஒட்டியிருக்கு. அதுக்குள்ள பூந்துதான் வந்திருக்கு. ரெண்டு எல்க்லயும் வெளியேறின துளை இருக்கு. ஆரின் தான்தான்னு எழுதிக் கையெழுத்தே போட்டுட்டான். சும்மா ஒரு வார்த்தை. யாரோடதுன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

டெல்மர் உறையைத் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவும் இல்லை. செம்பு இதழ்கள் விரிந்திருந்தன. ஒன்று எலும்பில் பட்டு மடங்கியிருந்தது. அதையும் சேர்த்து ஆறு.

தன் குரல் எங்கோ தூரத்தில் யாரோ பேசுவதுபோல் அவனுக்குக் கேட்டது.

"ரெண்டு பேரும் செம்புதான் போட்டோம். பாத்துச் சொல்ல முடியாது."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று லைல் பெருமூச்சு விட்டான். "மாநில ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாசக் கணக்கா ஆகும். அதான் ஒருத்தன் ஒத்துக்கிட்டானே, எதுக்குன்னு ஷெரிஃப் நினைக்கிறார். நீ போய்ப் படு அண்ணே. முகமே சரியில்ல."

லைல் போன பிறகு டெல்மர் பொழுது சாயும்வரை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். சிறைக்குப் பயந்து சொன்ன பொய் இல்லை அது. ஆரின் ஏற்கெனவே அந்தச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டுவிட்டான். இனி உண்மையைச் சொன்னால் செத்தவள் வரப்போகிறாளா, ஒருத்தன் உடைந்தது போதாதா, இரண்டு பேர் உடைய வேண்டுமா என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டான். கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

அடக்கத்தன்று லூத்தரன் தேவாலயம் நிரம்பி வழிந்தது. ஆரின் முகச்சவரம் செய்யாமல், பழைய கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். முதல் வரிசைக்கு வந்தவனை மார்லா எழுந்து நின்று தடுத்தாள்.

"அம்மா பக்கத்துல உக்காராதீங்க. பின்னாடி போங்க."

ஊரே கேட்டது. ஆரின் திரும்பிப் பின்வரிசைக்குப் போனான். சவப்பெட்டியைத் தூக்கவும் யாரும் அவனை அழைக்கவில்லை.

பிறகு கீழ்த்தளத்தில் காப்பியும் பன்றிக்கறி ரொட்டியும் பரிமாறினார்கள். மார்லா டெல்மரின் கையைப் பற்றிக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிருச்சே மாமா. அந்த ஆளை நீங்க பிடிச்சு நிறுத்தியிருக்கக்கூடாதா? பின்னாடி என்ன இருக்குன்னு பாக்காம யாராவது சுடுவாங்களா?"

டெல்மர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவன் கண் அறையின் மறுகோடிக்குப் போனது. ஆரின் அங்கே காகிதக் கோப்பையோடு தனியாக நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்கு ஆறுதல் சொல்ல மச்சானாவது இருக்கிறானே என்று அவன் முகத்தில் நன்றி தெரிந்தது.

அந்த நன்றிதான் டெல்மரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. சில நாள் பொறுத்தான். பிறகு ஒரு காலையில் பண்ணைக்கு வண்டியை விட்டான். ஆரின் கொட்டடியில் மாடுகளுக்கு வைக்கோல் வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. டெல்மரைப் பார்த்ததும் வைக்கோல் வாரும் கவைக்கோலைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"நீயே வந்தது நல்லதாப் போச்சு மச்சான். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். வேற யாரைக் கேக்குறது? எல்க்குக்குள்ள பூந்து வந்த குண்டு, வேகம் குறைஞ்சுதானே இருக்கும்? அவளுக்கு வலி ரொம்ப இருந்திருக்குமா?"

டெல்மர் "தெரியல" என்றான்.

"உனக்குத் தெரியாதா? ஈயமா இருந்தா எல்க்குக்குள்ளேயே நின்னிருக்கும். இல்லையா? உண்மையைச் சொல்லு."

"அநேகமா நின்னிருக்கும்."

"அவ சொல்லிட்டே இருந்தா. நான்தான் கேக்கல" என்று ஆரின் தலையைக் குனிந்தான். "உன்னைக் குத்தம் சொல்லல மச்சான். நீ நிரப்பிக் குடுத்தே, அவ்வளவுதான். விசையை இழுத்தது என் விரலுதானே. ராத்திரியில அந்த விரலைப் பாத்துட்டே உக்காந்திருக்கேன்."

"அது உன் குண்டு இல்ல ஆரின்."

ஆரின் புரியாமல் நிமிர்ந்தான்.

"உனக்குக் குடுத்தது நாலு இதழ் விரியும். நான் போட்டது புதுசு. ஆறு. அவ உடம்புல இருந்து எடுத்தது ஆறு இதழ். என்னோடது. நான்தான் சுட்டேன்."

மாடு ஒன்று வைக்கோலுக்காகக் கத்தியது. ஆரின் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு மூழ்கியவன் தலையை வெளியே நீட்டியதுபோல ஒரு மூச்சு இழுத்தான். ஒரு கணம் அவன் அழப்போகிறான், தன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறான் என்றே டெல்மருக்குத் தோன்றியது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

டெல்மர் தரையில் கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினான்.

"கேக்குறேன்ல, எப்பத் தெரியும்?"

"மறுநாளே. லைல் கொண்டுவந்து காட்டினான்."

"மறுநாள்" என்றான் ஆரின். அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல நின்றான். "அப்ப அடக்கத்தன்னிக்கு உனக்குத் தெரியும். மார்லா என்னை எந்திரிச்சுப் போகச் சொன்னப்ப நீ அங்கதான் இருந்தே. தெரிஞ்சுகிட்டே இருந்தே."

"ஆமா."

"என் பொண்ணு உன் தோள்ல சாஞ்சு அழுதா."

"ஆரின்..."

"நீ சுட்டதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன்டா. நானும் அதே மேட்டுலதான் படுத்திருந்தேன். எனக்கும்தான் அந்த ஓடை தெரியல. என் குண்டாவும் இருந்திருக்கலாம். ஆனா இதை..." அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. கவைக்கோலை எடுத்து வைக்கோலில் குத்தினான். "போ. இனி இந்தப் பண்ணைக்குள்ள கால் வைக்காத."

அங்கிருந்து டெல்மர் நேராக ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனான். லைல் கேட்டு முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். "நண்பனா நம்பிக் காட்டினேனே அண்ணே. என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தியே" என்று கத்தினான். குண்டு ஆய்வகத்துக்குப் போனது. டெல்மர் சொன்னதையே அவர்களும் பிறகு எழுதி அனுப்பினார்கள்.

வழக்கு வசந்தகாலத்தில் வந்தது. டெல்மர் வக்கீல் வைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்கு அனுப்புங்கள் என்று கேட்டான். நீதிபதி கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். "சிறையைக் கேட்டு வாங்க இது கடையில்ல மிஸ்டர் ராஸ்க்" என்றார். ஆயுளுக்கும் வேட்டை உரிமை ரத்து, தண்டனை நிறுத்திவைப்பு. அவ்வளவுதான். வெளியே வந்தபோது படிக்கட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கே போவது என்று தெரியாமல் வண்டிக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

சுட்டதை ஊர் மன்னித்துவிட்டது. யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சின் கடைசியில் எப்போதும் ஒருவர் "ஆனா" என்று இழுப்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். கொட்டகைக்கு ஆள் வருவதும் நின்றது. டெல்மர் தோட்டா நிரப்பும் கருவிகளைப் பழைய இரும்புக்குப் போட்டான். மரப்பெட்டியை உடைத்து அடுப்பில் எரித்தான்.

மார்லா ஒரே ஒரு முறை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"எங்கப்பாவை நான் பேசினதை என்னால திரும்ப எடுத்துக்க முடியல மாமா. மன்னிப்புக் கேட்டேன். 'விடும்மா, நானும்தான் அப்படி நினைச்சேன்'ங்கிறாரு. ஆனா நான் அவர் பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சுப் போயிடுறாரு. கோவத்துல இல்ல. பழக்கமாயிருச்சு." போகத் திரும்பியவள் சொன்னாள். "அம்மாவை நீங்க வேணும்னு செய்யல. இதை வேணும்னு செஞ்சீங்க."

அதற்குப் பிறகு அவள் பண்டிகைக்குப் பண்டிகை பண்ணைக்கு வந்துபோனாள். இரவு தங்கியதில்லை.

டெல்மர் வேலையை விடவில்லை. பனிக்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் லாரி ஓட்டுவதுதான் அவன் வேலை. கிட்ஸ் பண்ணைச் சாலையும் அவன் வட்டாரத்தில்தான் இருந்தது. தள்ளுகிற பனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரப்புபோலக் குவியும். வீட்டுக்காரர்கள்தான் வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் டெல்மர் ஆரினின் வாசலில் மட்டும் லாரியை நிறுத்தி, பின்னுக்கு எடுத்து, அந்த வரப்பைச் சுத்தமாக ஒதுக்கிவிட்டுப் போனான். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தான். நாலாவது தடவை ஆரின் சாலை நடுவில் வந்து நின்றான். டெல்மர் கண்ணாடியை இறக்கினான்.

"மத்தவங்க வாசல்ல என்ன செய்வியோ அதை இங்கயும் செய். எனக்குன்னு தனியா ஒண்ணும் செய்யாத" என்றான் ஆரின்.

"முதுகு வலிக்கும்டா உனக்கு. பாரம் ஜாஸ்தி."

"வலிக்கட்டும்."

பிறகு டெல்மர் நிறுத்துவதில்லை. பனி விழுந்த ஒவ்வொரு காலையிலும் தங்கை குடியிருந்த வீட்டு வாசலில் இடுப்பளவு பனியைக் குவித்துவிட்டுக் கடந்துபோவான். மண்வெட்டியோடு ஆரின் வாசலிலேயே காத்திருப்பான். லாரி போனதும் வார ஆரம்பிப்பான். இரண்டு பேருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. ஒரு குளிர்காலத்தில் ஆரின் இரண்டு கொத்துக்கு ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வதை டெல்மர் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். ஆரின் நிமிர்ந்து லாரியையே வெறித்தான். டெல்மர் கியரை மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கிப் போனான்.